பாங்காக்கில் பேச்சு, நாகலூரில் மிளகு

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் என் மாமாவுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம் இருக்கிறது. நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடியை ஏற்றிவிட்டிருக்கிறார். காப்பி கைவிட்ட வருஷம் மிளகு தாங்கும், மிளகு கைவிட்டால் காப்பி. இரண்டும் சேர்ந்து கைவிட்ட வருஷமும் உண்டு, அந்தப் பேச்சை அவரிடம் எடுக்கக் கூடாது. ஒரு மாசி மாதம் களத்தில் காய்ந்த மிளகைக் காலால் கிளறிக்கொண்டே கேட்டார்: “ஏம்ப்பா, நீதான் பேப்பரெல்லாம் படிக்கிறியே. எங்கியோ பத்துப் பதினைஞ்சு நாட்டுக்காரங்க உக்காந்து ஒப்பந்தம் பேசுனா, இங்க நம்ம மிளகு விலை ஏன் ஆடுது? அப்படி என்னதான் பேசுவாங்க?”

அன்றைக்கு அரைகுறையாக ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அப்புறம் உட்கார்ந்து படித்ததில் புரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் சுங்கம். வெளிநாட்டுப் பொருள் நம் துறைமுகத்தில் இறங்கும்போது அரசு வாங்கும் வரி அது. மிளகு கிலோ 400 ரூபாய்க்கு வந்து இறங்குகிறது, வரி 50 சதவீதம் என்றால் 600 ரூபாயாகித்தான் கடைக்குப் போகும். அந்த 200 ரூபாய்தான் மாமாவுக்கு வேலி. முதலாம் குலோத்துங்கனுக்குச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று பெயர் உண்டு. ராஜா ஒருத்தர், வேண்டாம் என்றார், முடிந்தது. இந்தக் காலத்தில் அப்படி யாரும் சும்மா விட்டுக்கொடுப்பதில்லை. உன் பொருளுக்கு நான் வரி குறைக்கிறேன், என் பொருளுக்கு நீ எவ்வளவு குறைப்பாய் என்று கேட்டுத்தான் குறைப்பார்கள். அந்தப் பேரம் முடிந்து எழுத்தில் வந்தால் அதற்குப் பெயர் தடையற்ற வணிக ஒப்பந்தம்.

இதற்கும் ஒரு சட்டம் இருக்கிறது. 1947-இல் வந்த, சுங்க வரிக்கும் வணிகத்துக்கும் பொது விதி வகுத்த காட் ஒப்பந்தமும், 1995-இல் பிறந்த உலக வணிக அமைப்பும் அடிப்படையாகச் சொல்வது ஒன்றுதான்: ஒரு நாட்டுக்கு வரியைக் குறைத்தால் உறுப்பு நாடுகள் எல்லாவற்றுக்கும் குறைக்க வேண்டும். பந்தியில் ஒருத்தர் இலைக்கு வடை வைத்தால் வரிசை முழுக்க வைத்தாக வேண்டும் என்பது போல. காட் ஒப்பந்தத்தின் 24-ஆம் பிரிவு இதற்கு ஒரு விலக்கு தருகிறது. சில நாடுகள் தனிப் பந்தி போட்டுக்கொள்ளலாம், ஆனால் தங்களுக்குள் கிட்டத்தட்ட எல்லா வணிகத்துக்கும் தடையை எடுத்துவிட வேண்டும். பேருக்கு நாலு பொருளுக்கு வரியைக் குறைத்துக்கொண்டு உறவு கொண்டாட முடியாது. வளரும் நாடுகள் தங்களுக்குள் செய்துகொள்ளும் ஏற்பாடுகளுக்கு 1979 முதல் இதைவிடத் தளர்வான விதி இருக்கிறது.

இரண்டு நாடுகள் பேசுவது ஏறக்குறைய மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டுப் பேசுவது மாதிரி. உனக்கு எது வேண்டும், எனக்கு எது வலிக்கும் என்பது இருவருக்கும் தெரியும். பதினாறு நாடுகள் என்றால் கதையே வேறு. நம் ஊர்ப் பக்கம் கூட்டுக் கிணற்றில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிற பங்காளிகளைப் பார்த்திருப்பீர்கள். ஒருத்தருக்கு அரை நாள் கூட்டிக் கொடுத்தால் மிச்சம் எல்லோர் முறையும் தள்ளிப்போகும். கடைசிப் பங்காளி சம்மதிக்கிற வரைக்கும் மோட்டார் ஓடாது.

ஆர்செப் என்கிற பிராந்திய விரிவான பொருளாதாரக் கூட்டு இதற்கு நல்ல உதாரணம். தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்புக்கு ஆசியான் என்று பெயர். வியட்நாம், தாய்லாந்து, இந்தோனேசியா, மலேசியா முதலான அந்த ஆசியான் நாடுகள் அப்போது 10. கூடவே சீனா, ஜப்பான், தென்கொரியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இந்தியா என்று 6. இதில் ஒரு வேடிக்கை உண்டு. சீனா விரும்பியது தன்னோடு ஜப்பானும் கொரியாவும் ஆசியானும் மட்டும் சேர்ந்த சின்ன வட்டம். ஜப்பான் விரும்பியது இந்தியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்தையும் இழுத்த பெரிய வட்டம். ஒரு பங்காளி வீட்டுத் திண்ணையில் பஞ்சாயத்து என்றால் இன்னொரு பங்காளி படியேற மாட்டார் அல்லவா? அதனால் பொதுவான மரத்தடியாக ஆசியான் அமைந்தது. பணபலத்தில் பின்னால் இருந்த நாடுகளுக்கு நாட்டாமை நாற்காலி கிடைத்தது இப்படித்தான். 2012 நவம்பரில் கம்போடியாவின் நோம் பென்னில் பேச்சைத் தொடங்குவதாக அறிவித்தார்கள். முதல் சுற்று 2013 மே மாதம் புருனேயில் நடந்தது.

ஆரம்பத்தில் இந்தியா மூன்று தட்டில் சலுகை வைத்தது. ஆசியான் நாடுகளுக்கு 80 சதவீதப் பொருள்களில் வரி நீக்கம், ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் 65 சதவீதம், சீனா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்கு 42.5 சதவீதம். நம் பக்கமிருந்து பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும், யாரைக் கண்டு பயமோ அவருக்குக் குறைவு. ஆனால் ஒரே பந்தியில் உட்கார வைத்துவிட்டு மூன்று விதச் சாப்பாடு போட்டால் யார் ஒப்புவார்கள்? அந்த யோசனையை இந்தியா பிற்பாடு கைவிட்டது.

கிழங்கு ஒன்று, எண் மூன்று

பேச்சுவார்த்தை என்றதும் தலைவர்கள் வரிசையாகக் கைகோத்து நிற்கும் படம்தான் நினைவுக்கு வரும். பேரத்தின் நிஜ உருவம் ஒரு நீளமான அட்டவணை. பல நூறு பக்கம் போகும். உலகத்தில் விற்கிற ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண் உண்டு. முதல் ஆறு இலக்கம் எல்லா நாட்டுக்கும் பொது, அதற்கு மேல் நாடுகள் தங்கள் வசதிக்குச் சேர்த்துக்கொள்ளும். இந்தியாவில் எட்டு இலக்கம்.

நமக்குத் தெரிந்த பொருளையே எடுத்துக்கொள்வோம். ஆத்தூர் பக்கத்து வயலில் பிடுங்கிய குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, 0714.10. அதை அரைத்து மாவாக்கினால் 1108.14. அந்த மாவைக் குலுக்கி, வறுத்து ஜவ்வரிசியாக்கினால் 1903. ஒரே கிழங்குக்கு மூன்று எண், மூன்றுக்கும் தனித்தனியாகப் பேச வேண்டும். உலகத்தில் மரவள்ளி மாவை அதிகம் ஏற்றுமதி செய்வது தாய்லாந்து. சேலத்தில் சேகோ ஆலைகள் தலையெடுத்ததே இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், தென்கிழக்கு ஆசியாவிலிருந்து சரக்கு வருவது நின்றபோதுதான். வெளிச் சரக்குக்கு வழி அடைபட்டதால் பிறந்த தொழில், வழி திறக்கும் என்ற பேச்சு வந்தால் காதைத் தீட்டிக்கொள்ளாமல் இருக்குமா? ஜவ்வரிசிக்கு வரி அப்படியே இருக்கட்டும், மாவுக்கு மட்டும் குறைப்போம் என்று எங்கோ ஒரு மேசையில் முடிவானால், அடுத்து என்ன நடக்கும் என்பதைச் சேலத்தில் எந்த ஆலைக்காரரும் சொல்லிவிடுவார்: இறக்குமதி மாவை வாங்கி இங்கே ஜவ்வரிசி போடுவார்கள், கிழங்கு போட்டவர் கதி அதோகதி. எண் ஆறு இலக்கத்தில் எங்கே இருக்கிறது என்பது அவ்வளவு பெரிய விஷயம்.

எண்களைப் பிரித்த பிறகு, ஒவ்வொன்றையும் ஒரு கூடையில் போடுவார்கள். சில பொருளுக்கு வரி உடனே போகும். சிலதுக்கு ஐந்து, பத்து வருஷத்தில் படிப்படியாகக் குறையும். சிலது குறையும், ஆனால் பூஜ்யத்துக்கு வராது. சிலதைத் தொடவே மாட்டார்கள், அதற்கு விலக்குப் பட்டியல் என்று பெயர். பேரம் முழுக்க இந்தக் கடைசிக் கூடையைச் சுற்றித்தான். இந்தியா - ஆசியான் சரக்கு வணிக ஒப்பந்தத்தில் இந்தியா முதலில் நீட்டிய விலக்குப் பட்டியலில் 1,414 பொருள்கள் இருந்தன. பேசிப் பேசித் தேய்ந்து கடைசியில் 489-இல் நின்றது. இதற்கான அடித்தள உடன்பாடு 2003 அக்டோபரில் பாலியில் கையெழுத்தானது, சரக்கு ஒப்பந்தம் 2009 ஆகஸ்ட் 13-இல் பாங்காக்கில் கையெழுத்தானது, 2010 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. அவ்வளவு சின்ன வேலை அல்ல என்பதற்காகத் தேதிகளைச் சொல்கிறேன்.

சரி, மாமாவின் மிளகு எந்தக் கூடையில் விழுந்தது? ‘சிறப்புப் பொருள்கள்’ என்று ஒரு தனிக் கூடை போட்டார்கள். அதில் பாமாயில், காப்பி, தேயிலை, மிளகு. பாமாயில் மலேசியாவும் இந்தோனேசியாவும் எப்படியாவது விற்றாக வேண்டிய பொருள், அதனால் விலக்குப் பட்டியலில் வைக்க விடமாட்டார்கள். காப்பியும் மிளகும் கேரளா, குடகு, நீலகிரி, ஏற்காடு என்று மலைப் பக்கத்து வயிற்றுப்பாடு, அதனால் நாம் பூஜ்யத்துக்கு விட முடியாது. இருபக்கமும் பாதிப் பாதி இறங்கி வந்து பிறந்த கூடை இது. காப்பிக்கு 100 சதவீதமாக இருந்த வரி 2019 முடிவுக்குள் 45 ஆக வேண்டும், மிளகுக்கு 70-லிருந்து 50. கச்சா பாமாயிலுக்கு 80-லிருந்து 37.5. இந்த எண்களைப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது, மிளகுக்குத்தான் ஓரளவு நல்ல பேரம் பேசியிருக்கிறார்கள். காப்பிக்கு விட்டது அதிகம்.

அப்படியானால் 50 சதவீத வேலி இருந்தும் ஆசியான் நாடான வியட்நாமின் மிளகு இங்கே வந்து இறங்குகிறது என்று விவசாயிகள் புலம்பினார்களே, அது எப்படி? அடுத்த சிக்கல் அங்கேதான்.

எந்த ஊர்ச் சரக்கு?

ஒப்பந்தம் போட்ட நாட்டில் விளைந்த அல்லது செய்த பொருளுக்குத்தான் சலுகை. வெளியாள் அந்த வழியாக நுழையாமலிருக்க, பொருளின் பிறப்பிடம் பார்க்கும் விதிகளை எழுதுவார்கள். மிளகு மாதிரி விளைபொருளுக்கு விதி எளிது: அந்த மண்ணில் விளைந்து அங்கேயே பறித்ததாக இருக்க வேண்டும். எழுதுவது எளிது, கண்டுபிடிப்பது கஷ்டம். காய்ந்த மிளகில் ஊர்ப் பெயர் அச்சடித்திருக்காது.

2017 வாக்கில் நிலைமை இது. ஆசியான் நாட்டு மிளகு நேராக வந்தால் வரி 50 சதவீதத்துக்குச் சற்று மேல். இலங்கை மிளகு, தெற்காசிய சார்க் நாடுகளின் சாஃப்டா வணிக ஒப்பந்தத்தின்படி வந்தால் 8 சதவீதம். 2000-இலிருந்து நடப்பில் இருக்கும் இந்தியா - இலங்கை ஒப்பந்தத்தின்படி வந்தால் 2,500 டன் வரைக்கும் வரியே கிடையாது. ஒரே மிளகுக்கு மூன்று வாசல், மூன்று விதக் கட்டணம். வியட்நாம் மிளகு கொழும்பில் இறங்கிச் சட்டையை மாற்றிக்கொண்டு வருகிறது என்று விவசாயிகள் புகார் சொன்னார்கள். 2017 டிசம்பரில் இந்திய அரசு, கிலோ 500 ரூபாய்க்குக் கீழ் மிளகு இறக்குமதி செய்யக் கூடாது என்று உத்தரவு போட்டது. மாமாவுக்கு இந்த 500 ரூபாய்க் கதை மனப்பாடம், வாசல் மூன்று என்பது மட்டும் தெரியாது.

பொருளாதார அறிஞர் ஜகதீஷ் பகவதி இப்படி ஒன்றின் மேல் ஒன்றாகப் பின்னிக் கிடக்கும் ஒப்பந்தங்களை இத்தாலியர் சாப்பிடும் ஸ்பகெட்டிக் கிண்ணத்தோடு ஒப்பிட்டார். நம்மிடம்தான் இடியாப்பச் சிக்கல் என்று ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறதே. பிராந்தியத்துக்கு ஒரே ஒப்பந்தம் வேண்டும் என்பவர்களின் முக்கிய வாதமே இந்தச் சிக்கல்தான். பதினைந்து தனித்தனி விதிகளுக்குப் பதிலாக எல்லோருக்கும் ஒரே விதி.

செய்பொருளுக்குக் கணக்கு வேறு. ஆசியான் ஒப்பந்தத்தில் பொது விதி, பொருளின் மதிப்பில் குறைந்தது 35 சதவீதம் ஒப்பந்த நாடுகளுக்குள் சேர்ந்ததாக இருக்க வேண்டும், அதோடு மூலப்பொருளின் ஆறு இலக்க எண்ணும் செய்த பொருளின் எண்ணும் வேறாக இருக்க வேண்டும். சேலம் சிவதாபுரத்தில் செய்யும் வெள்ளிக் கொலுசை வைத்துப் பார்ப்போம். 100 ரூபாய்க் கொலுசில் 80 ரூபாய் வெளிநாட்டு வெள்ளிக் கட்டிக்குப் போய்விட்டது, கம்பி இழுத்து, பற்றவைத்து, மெருகு போட்ட கூலியும் லாபமும் 20 ரூபாய் என்றால், அந்தக் கொலுசு 35-ஐத் தொடாது. எண் மாறிவிட்டது, மதிப்பு போதவில்லை. ஆனால் வெள்ளியே இன்னொரு ஒப்பந்த நாட்டிலிருந்து வந்திருந்தால் அதையும் சேர்த்துக் கணக்குக் காட்டலாம். பல நாடுகள் சேர்ந்து ஒப்பந்தம் போடுவதில் உண்மையான லாபம் இந்தச் சேர்த்துக் காட்டும் வசதிதான் என்பது என் எண்ணம். ஆர்செப்பில் அந்த அளவு 40 சதவீதம், ஆனால் எந்த உறுப்பு நாட்டில் பிறந்த மூலப்பொருளையும் கணக்கில் கூட்டிக்கொள்ளலாம்.

கொலுசு பேச்சு வந்ததால் ஒன்று. 2025 செப்டம்பரில், கல் பதிக்காத வெள்ளி நகைகளை உரிமம் இல்லாமல் இறக்குமதி செய்யக் கூடாது என்று இந்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. தாய்லாந்திலிருந்து ஆசியான் ஒப்பந்தச் சலுகையோடு நகைகள் குவிந்ததும், சலுகையைக் குறுக்கு வழியில் பயன்படுத்துகிறார்கள் என்ற சந்தேகமும்தான் காரணம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுப் பதினாறு வருஷம் கழித்தும் பேரம் முடியவில்லை என்பது செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கடைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்.

மேசையில் என்ன நடக்கிறது?

பேச்சு சுற்றுச் சுற்றாக நடக்கும், ஒவ்வொரு சுற்றும் ஒவ்வொரு நாட்டில். சரக்குக்கு ஒரு குழு, சேவைகளுக்கு ஒன்று, முதலீட்டுக்கு ஒன்று, காப்புரிமைக்கு ஒன்று என்று தனித்தனி அறையில் உட்காருவார்கள். வரைவில் ஒத்துக்கொள்ளாத சொற்களைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டுவைப்பது வழக்கம். சுற்று முடிந்ததும் எத்தனை அடைப்புக்குறி குறைந்தது என்பதுதான் மதிப்பெண். எல்லாம் முடியும் வரை எதுவும் முடிந்ததாகக் கணக்கில்லை என்ற புரிதலோடு உட்காருவதால், காப்பியில் ஒத்துக்கொண்டதைக் கணினிப் பொறியாளர் விசா விஷயத்தில் மூக்குடைபட்டதும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இந்தியா சேவைத் துறையிலும் ஆள்கள் வேலைக்குப் போய்வருவதிலும் சலுகை கேட்டது, மற்றவர்கள் சரக்கில் கேட்டார்கள். எல்லோரிடமும் தொடக்கூடாத பொருள் ஒன்று உண்டு. ஜப்பானுக்கு அரிசி. நமக்குப் பால்.

பால் ஏன்? நியூசிலாந்து தன் பாலில் பெரும்பகுதியை வெளிநாட்டுக்கு விற்றுப் பிழைக்கிற நாடு. இங்கே ரெண்டு மாடு வைத்துக்கொண்டு காலையும் மாலையும் சொசைட்டியில் பால் ஊற்றுகிற வீடுகள் ஓமலூரிலும் உண்டு, குஜராத்திலும் உண்டு. அங்கிருந்து பால் பவுடர் மலிவாக வந்து இறங்கினால் கொள்முதல் விலை என்னாகும் என்று ஊர் ஊராகக் கேட்டார்கள்.

வெளியே சாதுவாகத் தெரிகிற சில விஷயங்கள் உள்ளே பெரிய சண்டையாக இருக்கும். எந்த வருஷத்து வரியிலிருந்து குறைப்பது என்பது அதில் ஒன்று. ஆர்செப்பில் 2014-ஐ அடிப்படை ஆண்டு என்று வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு இந்தியா பல பொருள்களுக்கு வரியை ஏற்றியிருந்தது. 2014-இல் 10 சதவீதம், 2019-இல் 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஆண்டிலிருந்து குறைப்பதென்றால் முதல் நாளே 20 பாதியாகிவிடும். 2019-ஐ அடிப்படையாக வையுங்கள் என்று இந்தியா கேட்டது. இறக்குமதி ஒரு அளவைத் தாண்டினால் வரி தானாகத் திரும்ப ஏறும் பாதுகாப்பும் கேட்டது. பிறப்பிட விதியைக் கடுமையாக்கவும் கேட்டது. 2018-19-இல் அந்த 15 நாடுகளில் 11 நாடுகளோடு நமக்கு வணிகப் பற்றாக்குறை, மொத்தம் சுமார் 10,500 கோடி டாலர், அதில் பாதி சீனாவோடு மட்டும். கேட்டதில் போதுமானது கிடைக்கவில்லை. 2019 நவம்பர் 4-இல் பாங்காக் மாநாட்டில் சேர மாட்டோம் என்று பிரதமர் மோடி அறிவித்தார்.

மற்ற 15 நாடுகள் 2020 நவம்பர் 15-இல், கொரோனா காலமானதால், காணொளியில் பார்த்தபடி அவரவர் ஊரில் கையெழுத்துப் போட்டன. கையெழுத்தோடு முடியாது, ஒவ்வொரு நாடும் உள்ளூரில் ஒப்புதல் பெற வேண்டும். ஆசியானில் 6 நாடும் வெளியே 3 நாடும் ஒப்பினால் போதும் என்று எழுதியிருந்ததால் 2022 ஜனவரி 1-இல் நடப்புக்கு வந்துவிட்டது. பிலிப்பைன்ஸ் 2023 ஜூனில்தான் வந்து சேர்ந்தது. இந்தியா வந்தால் காத்திருக்காமல் சேரலாம் என்று தனி வரி எழுதிக் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

இந்தியா விலகியது சரியா என்று கேட்டால், இருபக்கமும் கெட்டிக்காரர்கள் வாதாடுகிறார்கள். உள்ளே இல்லாததால் நம் துணியும் இயந்திரமும் வியட்நாமோடு போட்டி போட முடியவில்லை என்கிறது ஒரு பக்கம். உள்ளே போயிருந்தால் சீனச் சரக்கு வரியில்லாமல் குவிந்திருக்கும் என்கிறது மறுபக்கம். ஆசியான் ஒப்பந்தத்தை ஒழுங்காகப் பேசியிருந்தால் ஆர்செப்பைக் கண்டு இவ்வளவு பயந்திருக்க மாட்டோம் என்றுதான் நான் நினைக்கிறேன். அந்தப் பழைய ஒப்பந்தத்தைத் திரும்பப் பேச இரு தரப்பும் இப்போது உட்கார்ந்திருக்கின்றன. 2025-க்குள் முடிப்பது என்று 2023-இல் இலக்கு வைத்தார்கள்.

இதில் நமக்குத் தெரியாமல் போகும் பாதிப் பேரம் உள்நாட்டில் நடக்கிறது. டெல்லியில் வணிக அமைச்சகம் பட்டியலைத் தயாரிக்கும்போது எந்த ஊர்க்காரர் போய்க் கதவைத் தட்டினாரோ அவர் பொருள் ஞாபகத்தில் இருக்கும். 2009 அக்டோபர் 2-இல் ஆசியான் ஒப்பந்தத்தை எதிர்த்துக் கேரளத்தில் இடதுசாரிகள் காசர்கோட்டிலிருந்து திருவனந்தபுரம் வரை மனிதச் சங்கிலி நின்றார்கள். ரப்பரும் மிளகும் தேங்காயும் அங்கே தேர்தல் விஷயம். இங்கே ஏற்காட்டில் மிளகை வைத்து யார் ஓட்டுக் கேட்டார்கள்?

போன தடவை மலைக்குப் போனபோது இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். வாசல் மூன்று என்றதும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். “அப்போ இப்ப திரும்பப் பேசுறாங்களே, அதுல நம்ம மிளகுக்கு யாரு பேசுவா?” என்றார். வாசனைப் பொருள் வாரியம் இருக்கிறது, கொச்சியில் தலைமையிடம், அவர்கள்தான் அமைச்சகத்துக்குச் சொல்வார்கள் என்றேன்.

“கொச்சியிலயா? அப்பச் சரி. அவங்களுக்கும் மிளகு இருக்குதுல்ல, நமக்கும் சேத்தே பேசிருவாங்க,” என்று சொல்லிவிட்டு, வெயில் நகர்ந்த பக்கமாகச் சாக்கை இழுத்துப் போட்டார்.